ரெவெட்டியின் இடது கை

ஹூரியா பார்த்தபோது திமிங்கலம் உயிரோடுதான் இருந்தது. ஆற்று வாய்க்குத் தெற்கே, கடல் வற்றி இறங்கிய ஈர மணலில், பேருந்தைக் கவிழ்த்துப் போட்டது மாதிரிச் சாய்ந்து கிடந்தது. விடியற்காலையில் அந்தக் கரையில் அவள் நடப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. மூன்று வருஷமாக, மழையோ காற்றோ, ஒரு நாள் விடாமல் நடக்கிறாள். எதற்கு நடக்கிறாய் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷனைத் தேடித்தான் நடக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

அவள் முதலில் போன் போட்டது நாத்தனார் மாக்கரெட்டாவுக்கு.

“மாக்கா, எங்கடி இருக்கே? பெருசு ஒண்ணு கரையேறிக் கிடக்கு. பெட்டி மாதிரித் தலை, பல்லு வச்சது. மூச்சு விடுது. கெளம்பி வா.”

“தீப்பெனே மாமாக்குச் சொல்லிட்டீங்களா அண்ணி?”

“உனக்கப்புறம்தான் மாமா. வாடின்னா.”

மாக்கரெட்டா டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வண்டியை மணலிலேயே இறக்கினாள். தூரத்திலிருந்தே அதன் மூச்சு கேட்டது. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வருமா வராதா என்று நிற்க வைக்கும் மூச்சு.

இடது பக்கத்துக் கை வெளியே மணலில் நீண்டு கிடந்தது. ஊரில் எல்லோரும் துடுப்பு என்றாலும் மாக்கரெட்டாவுக்கு அது கைதான். அந்தத் தடித்த தோல் உறைக்குள் ஐந்து விரல் இருப்பது அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் இதே கரையில் ஒன்று ஒதுங்கியபோது, அதன் கையைத் திறந்து விரல் விரலாக எடுத்து வைத்தவன் அவள் அண்ணன் ரெவெட்டி. கரையேறிச் செத்ததை வெட்டி எலும்பைப் பிரித்தெடுக்கும் எங்கள் வெட்டுக்காரர் கூட்டத்தில் கை என்றால் ரெவெட்டி. வேறு யாரும் அதில் கத்தி வைக்க மாட்டார்கள்.

அந்தக் கை இப்போது மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தது. முழங்கை மடங்காத கை, மணிக்கட்டு வளையாத கை. அதை வைத்துக்கொண்டு என்ன ஊன்றுவது? தோண்டிய குழியில் கடல் நீர் ஊறி நிறைந்தது. கை மறுபடியும் தோண்டியது. மாக்கரெட்டா தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அங்கே ஓர் அகலப் பட்டைக் கடிகாரம் இருக்கிறது. குளிக்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆற்று வாயில் அலை படகைக் கவிழ்த்தபோது, ரெவெட்டி அவளுடைய அந்த மணிக்கட்டைத்தான் பிடித்தான். படகில் ஒரே ஒரு மிதவைச் சட்டை. “நீ போடு, உனக்குத்தான் நீந்த வராது” என்று கிளம்பும்போதே அவளுக்கு மாட்டிவிட்டிருந்தான். அவன் காலில் தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ், அதற்குள் தண்ணீர். அந்தச் சட்டை ஒருத்தியைத் தாங்கும், இரண்டு பேரைத் தாங்காது. பிடியை அவள்தான் விடுவித்தாள். இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

கரையில் கம்பளி போர்த்தி உட்கார வைத்திருந்தபோது ஹூரியா ஓடி வந்து “எங்கேடி அவன்?” என்று கேட்டாள். “அலை அடிச்சதும் ஆளையே காணல அண்ணி” என்று சொன்னாள். பயத்தில் வந்த ஒரு வரி. அதை அடுத்த நாள் மாற்றியிருக்கலாம். அடுத்த வாரம் மாற்றியிருக்கலாம். ஆனால் ஹூரியா அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஒரு வீட்டையே கட்டிவிட்டாள். ஆளைக் காணவில்லை என்றால் எங்கேயோ கரையேறியிருப்பான்; அவன் நீச்சல்காரன்; தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருக்கும்; வடக்கே ஏதாவது ஊரில் இருப்பான். உடம்பு கிடைக்காமல் துக்கம் வைக்க விடமாட்டேன் என்றாள். கடலில் யாராவது போனால் நாங்கள் அந்தக் கரையில் மீனோ சிப்பியோ எடுக்காமல் விலக்குப் போடுவோம். அவனுக்குப் போட்ட விலக்கு ஆறு வாரம் நீண்டது. கடைசியில் ஊர் முணுமுணுக்க, தீப்பெனேதான் அதை எடுத்தார். ஹூரியா வீட்டு முன்கதவு மட்டும் அன்றிலிருந்து தாழிடப்படவே இல்லை. ராத்திரியும் தாழில்லை. அவன் வந்து தட்டக்கூடாது, நேரே உள்ளே வரவேண்டும் என்பாள்.

சில நாள் காலையில் வாசற்படிக்கு உள்ளே மணல் கிடக்கும். காற்று கொண்டுவந்த மணல். ஹூரியா அதைப் பெருக்காமல் மாக்கரெட்டாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள். மாக்கரெட்டா பார்த்து, தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

தீப்பெனே வந்தார். அறுபது வயசு, வெட்டுக்காரர்களுக்குத் தலைவர். பின்னாலேயே அரசாங்க வனத்துறையிலிருந்து ஒரு பெண் வந்து, சுற்றிப் பார்த்து, இவ்வளவு பெரியதைத் திருப்பித் தள்ள முடியாது என்று மெதுவாகச் சொன்னாள். எங்களுக்கும் அது தெரியும். ஆனாலும் படுக்கை விரிப்புகளை நனைத்து அதன் மேல் போட்டோம், வாளி வாளியாக ஊற்றினோம். சாகிறவனை வெறும் வாயோடு சாக விடுவதில்லை, அவ்வளவுதான்.

ஹூரியா வாளியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு ஒண்ணு புரியலடி மாக்கா. இது நம்மள மாதிரி காத்தைத்தானே குடிக்குது? இங்கே காத்துக்கு என்ன பஞ்சம்? கடலுக்குள்ள விட இங்கேதானே நெறைய இருக்கு? அப்புறம் ஏன் சாகுது?”

“கனம் அண்ணி. அதோட கனமே அதைக் கொல்லுது.”

“நேத்து வரைக்கும் அந்தக் கனம் இல்லையா?”

“நேத்து வரைக்கும் தண்ணி தூக்கிட்டிருந்துச்சு. நம்ம உடம்பு தரைக்குன்னே கட்டினது அண்ணி. முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுப் பாலம் மாதிரி நிக்கும். இடுப்பெலும்பு அதோட இறுகி, கனத்தையெல்லாம் காலுக்கு இறக்கிடும். நெஞ்சுக்கூடு கெட்டியா நின்னு நுரையீரலை நசுங்க விடாது. இதுங்க முன்னோருக்கும் இதெல்லாம் இருந்துச்சு, நாலு காலும் இருந்துச்சு. தண்ணிக்குத் திரும்பிப் போனப்போ இனிமே எதுக்குன்னு ஒண்ணொண்ணா விட்டுட்டுப் போயிடுச்சுங்க. இப்போ ஒவ்வொரு மூச்சுக்கும் நாப்பது டன்னை இதுவே தூக்கணும். மேல இருக்கற கொழுப்பு வேற உள்ளே வேக வைக்குது.”

“பாவமே.” ஹூரியா அதன் கண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டாள். “அப்போ தரைக்குக் கட்டின உடம்பு தண்ணிக்குள்ள போனா? அது என்னடி பண்ணும்?”

மாக்கரெட்டா வாளியைத் தூக்கி அதன் முதுகில் ஊற்றினாள். “தெரியல அண்ணி” என்றாள். அவளைவிட அதைத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. கை, தான் தோண்டிய குழிக்குள்ளேயே நின்றுவிட்டது.

*

இறந்த திமிங்கலத்துக்கு நாங்கள் பெயர் வைப்போம். பெயர் வைத்துவிட்டால் அது பிணமில்லை, எங்களில் ஒருவர். முதலில் பார்த்தவருக்குத்தான் அந்த உரிமை. வழிபாடு முடிந்து தீப்பெனே ஹூரியாவைப் பார்த்தார்.

“ரெவெட்டி” என்றாள் அவள்.

தீப்பெனே தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “அம்மாடி, வச்ச பேரைத் திருப்பி எடுக்க முடியாது. நாளைக்கு இதைத் தொடறவன் எல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். யோசிச்சிக்கோ.”

“யோசிக்க என்ன இருக்கு மாமா? உசிரோட இருக்கறவன் பேரை வைக்கக்கூடாதுன்னு சட்டமா? திரும்பி வந்தா சிரிப்பான். என் பேரைப் போய் இந்தத் தடியனுக்கு வச்சிருக்கியேம்பான்.”

மாக்கரெட்டா வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். சொன்னால் ஏன் என்பார்கள். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததன் கூலி இதுதான், எது பேச வேண்டுமோ அதற்கும் வாய் இல்லை.

மறுநாள் காலையில் உடலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு உள்ளே சாப்பாடு கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வெளியே போகிறவர்கள் கேனிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் போகவேண்டும். மேலே சமூகக்கூடத்தில் பன்றி எலும்பும் கீரையும் வேகிற வாசனை கரை வரைக்கும் வந்தது. பெயர் வைத்தவள் என்ற முறையில் ஹூரியா தலைமாட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் துக்கத்துக்குரிய பச்சை இலை வளையத்தைத் தலையில் வைத்திருந்தார்கள். அவளுக்கு நீட்டியபோது, “எனக்கெதுக்கு?” என்று மடியில் போட்டுக்கொண்டாள்.

செத்தவரோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் வழக்கம். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று, அழுவோம், திட்டுவோம், பழைய பாக்கியெல்லாம் சொல்லிச் சிரிப்போம். திமிங்கலத்துக்கும் அதே மரியாதைதான். கத்தி வைக்கிறவன் பேசிக்கொண்டே வெட்டவேண்டும். பேசாமல் வெட்டினால் அது கசாப்பு.

“ரெவெட்டி, தோலைத் திறக்கப் போறேன், கோவிச்சுக்காதே” என்று தீப்பெனே நீளக் கத்தியை வைத்தார். “உனக்குத் தோலு தடிப்புன்னு அப்பவே எனக்குத் தெரியும். எத்தனை திட்டினாலும் ஏறாது.”

கூட்டம் சிரித்தது. ஹூரியாவும் சிரித்தாள்.

அடுத்து வாத்தெனே. மரம் வெட்டுகிறவன், ரெவெட்டியின் சோட்டு வயசுக் கூட்டாளி. கொக்கியைக் கொழுப்பில் மாட்டி இழுத்துக்கொண்டே கத்தினான். “டேய் ரெவெட்டி! ரெண்டே நாள்ல தர்றேன்னு என் செயின்சாவை வாங்கிட்டுப் போனியே. மூணு வருஷமாச்சுடா. கோடாலியை வச்சுக்கிட்டு மல்லுக்கட்டறேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? ஒரே ஒரு வார்த்தை...” கொக்கியை இழுத்துக்கொண்டே இருந்தான்.

“செயின்சா எங்க கொட்டகையிலதான் இருக்கு” என்றாள் ஹூரியா. “அவன் வந்ததும் குடுப்பான்.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஹூரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது திமிங்கலத்தோடு இல்லை. மூன்று வருஷமாக அவள் வைக்க விடாத துக்கத்தை ஊர் இப்போது வைத்துக்கொண்டிருந்தது. அவள் மடியில் இருந்த இலை வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மணி சுமாருக்குத் தீப்பெனே வால்பக்கத்துச் சதையிலிருந்து இரண்டு எலும்பை எடுத்து வந்து மாக்கரெட்டாவின் கையில் வைத்தார். ஒன்று அவள் முன்கை நீளம்கூட இல்லை.

“இதானே இடுப்பு?”

“இதான் மாமா. முதுகெலும்போட ஒட்டே இல்ல. சும்மா சதைக்குள்ள மிதந்துட்டிருக்கு.”

“காலு போயி கோடி வருஷக் கணக்குல ஆகியிருக்கும். இன்னமும் தொலைக்காம வச்சிருக்கு பாரு.” அவர் எலும்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “சரி, இடது கையை வெட்டி இழுத்துப் போட்டாச்சு. அது உன்னோடது. உங்கண்ணன் செஞ்ச வேலை. வேற ஆளுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல.”

“எனக்கு வேணாம் மாமா.”

“ஏன்? ஆஸ்பத்திரியில தெனம் கைதானே பாக்குறே?”

தினமும் கைதான் பார்க்கிறாள். அதுதான் தொல்லை. விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்களின் கையைத் தட்டின் மேல் விரித்து வைத்து, விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கச் சொல்லவேண்டும். திரையில் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக எழுந்து வரும் அந்தக் கை, ஆழத்திலிருந்து மேலே வருகிற கையாகவே அவளுக்குத் தெரியும். ஆறு மாதமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் பொத்தானை அழுத்துகிறாள்.

“எடும்மா” என்றார் தீப்பெனே. அதற்கு மேல் மறுத்தால் அது ரெவெட்டிக்கு அவமரியாதை.

கையை எடுத்தவர் முடிக்கும்வரை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஐந்து விரலுக்கு ஐந்து வெங்காய வலைப்பை. ஒரு விரலின் எலும்பு இன்னொரு விரலின் பைக்குள் போய்விட்டால் அதைவிடக் கேவலம் இல்லை. மாக்கரெட்டா பைகளை வரிசையாக மணலில் வைத்துவிட்டு மண்டியிட்டாள். கறுப்புத் தோலை நடுவே கீறி இரண்டு பக்கமும் விரித்தாள். வெள்ளையான கெட்டிக் குருத்து. அதற்குள் அவளுக்குத் தெரிந்த எல்லாமே இருந்தது. மேல்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்பு இரண்டு, மணிக்கட்டுக்குக் கூழாங்கல் மாதிரி ஒரு கைப்பிடி எலும்பு, அப்புறம் ஐந்து விரல்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. பிரிக்கவே முடியாதபடி ஒரே உறைக்குள் இறுகியிருந்தன.

அவள் கத்தியை வைத்தாள். பேசவில்லை.

“மாக்கா” என்றார் தீப்பெனே அந்தப் பக்கத்திலிருந்து. “பேசு.”

“பேசறேன் மாமா.”

“எனக்குக் கேக்கல. அவனுக்கும் கேக்காது.”

சுண்டுவிரல் ஓரத்தில் இருந்தது. எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள், அதுதான் சுலபம். குருத்தை அறுத்து முதல் எலும்பை எடுத்தாள். இரண்டாவது. மூன்றாவது. பைக்குள் போட்டாள்.

“அண்ணா” என்றாள். அந்தச் சொல் வந்ததும் கடிகாரப் பட்டைக்குக் கீழே மணிக்கட்டு இறுகியது. கடல் ஏறும்போதெல்லாம் இறுகுவதுபோல, ஐந்து இடத்தில் இறுகியது. “அண்ணா, உன் சுண்டுவிரலை எடுத்தேன். அன்னிக்கும் இதைத்தான் முதல்ல எடுத்தேன்.”

வாத்தெனே கொக்கியோடு நின்றுவிட்டான்.

“அலை அடிச்சதும் உன்னைக் காணலைன்னு சொன்னேன். பொய். நீ என்கிட்டதான் இருந்தே. என் கையைப் பிடிச்சிருந்தே. பூட்ஸெல்லாம் தண்ணி, உன்னால காலை ஆட்ட முடியல. என் மேல ஏறினே. நான் கீழே போனேன். மேல வந்தேன், மறுபடி ஏறினே. உன்னைத் திட்டல அண்ணா. அது நீயில்ல, உன் உடம்பு. தரையில பொறந்த உடம்புக்கு ஏறத்தான் தெரியும். எது கிடைக்குதோ அதை ஊன்றி ஏறும். நான் கிடைச்சேன்.”

அவள் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மோதிரவிரலில் நான்கு எலும்பு. இரண்டாவது பை.

“இதுல உன் கல்யாண மோதிரம் இருந்துச்சு. இந்த விரல் வரமாட்டேன்னுச்சு. இழுத்தேன். மோதிரம் என்னைக் கீறிடுச்சு.”

நடுவிரல். ஐந்து எலும்பு. அவளுக்குக் கண் தெரியவில்லை, விரல் நுனியாலேயே தடவித் தடவி எடுத்தாள். ஆட்காட்டி விரலிலும் ஐந்து.

“அப்போ என் பேரைச் சொன்னே. மாக்கான்னு. ஒரே தடவை. அப்புறம் வாய்க்குள்ள தண்ணி போயிடுச்சு. நான் இந்த விரலையும் பிரிச்சேன். நீ போனதைப் பாத்தேன் அண்ணா. தலை மேல வரவே இல்ல. நீ செத்துட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் அண்ணியைக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்கார விட்டேன்.”

மணலில் காலடிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. ஹூரியாவின் பூட்ஸ் நான்கு பைகளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

“கடிகாரத்தைக் கழட்டு.”

மாக்கரெட்டா எண்ணெய்க் கையோடு பட்டையை அவிழ்த்தாள். வெயில் படாமல் வெளுத்துப்போன தோலில், மணிக்கட்டின் உள்பக்கம், அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு. ஹூரியா குனிந்து அதன் மேல் கட்டைவிரலை வைத்தாள். மோதிரத்தின் மேல் கல் இருந்த இடத்தை அளவெடுப்பவள்போல ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அவன் உடம்பிலிருந்து கரை வந்து சேர்ந்தது அந்தக் கீறல் ஒன்றுதான்.

அடிப்பாள் என்று மாக்கரெட்டா நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

“வடக்கே எந்த ஊர்லயும் இல்லையா அவன்?” என்றாள் ஹூரியா. குழந்தை கேட்பது மாதிரிக் கேட்டாள்.

“இல்ல அண்ணி.”

“அந்த மணல்?”

“காத்து, அண்ணி.”

ஹூரியா கையை விட்டாள். திமிங்கலத்தின் தலைமாட்டுக்கு நடந்து போனாள். நசுங்கிப்போயிருந்த இலை வளையத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் வாயைத் திறந்தாள். ரெவெட்டியின் பெயரை வைத்து, இறந்தவரைக் கூப்பிடும் அந்த நீளமான ஒப்பாரி வந்தது. மூன்று வருஷத்து அழுகை மொத்தமும் ஒரே மூச்சில் வந்தது. என்னைவிட்டு எங்கே போனாய் என்று கேட்டாள், எத்தனை சோறு ஆறிப்போனது என்று கேட்டாள், படுபாவி என்றாள். கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து நின்று பதில் குரல் கொடுத்தார்கள். வாத்தெனே மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

மாக்கரெட்டா கத்தியை நழுவவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். தீப்பெனே அவள் தோளில் கையை வைத்து அழுத்தினார். அவர் முகத்தில் அன்பும் இல்லை, கோபமும் இல்லை.

“கட்டைவிரல் பாக்கி இருக்கு. முடிச்சிட்டுப் போ.”

அவள் முடித்தாள். கட்டைவிரலில் இருந்தது ஒரே ஒரு எலும்பு.

*

சாயங்காலம், வெயில் இன்னும் இருக்கும்போதே, சதையெல்லாம் மணல்மேட்டுக்குப் பின்னால் ஆழமாகப் புதைத்தாயிற்று. எலும்புகளை எண்ணெய் இறங்குவதற்காகத் தனிக் குழியில் வைத்தார்கள். ஐந்து பைகளையும் மாக்கரெட்டாதான் இறக்கி வைக்கவேண்டும், வைத்தாள். அவள் போனபோது கூட்டம் விலகி வழி விட்டது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, யாரும் கூடவும் நடக்கவில்லை. கேனிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டாள். ஏழெட்டுத் தடவை கையைக் கழுவியும் எண்ணெய் வாடை போகவில்லை.

சமூகக்கூடத்துச் சமையல்காரி, ஒரு தூக்கில் எலும்புக் குழம்பும் ரொட்டியும் போட்டு அவள் முன்னால் வைத்தாள். “ஹூரியா சாப்பிட வரல. கொண்டு போய்க் குடு. வழக்கமா நீதானே கொண்டு போவே” என்றாள். கரையில் நடந்தது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஹூரியா வீட்டு வாசலில் கொட்டகையிலிருந்து எடுத்த செயின்சா இருந்தது. துடைத்து, ஒரு துணியில் சுற்றி, வாத்தெனே எடுத்துப் போவதற்காக வைத்திருந்தாள். படியில் மணல் இல்லை. பெருக்கியிருந்தது.

மாக்கரெட்டா எப்போதும்போலத் தோளால் கதவைத் தள்ளினாள். கதவு நகரவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள். அப்புறம்தான் புரிந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தது.

தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்று நின்றாள். உள்ளிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“யாரு?”

“நான்தான் அண்ணி. மாக்கா.”

கதவுக்கு அந்தப் பக்கம் வெகு அருகில் மூச்சு மட்டும் கேட்டது. ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று நிற்க வைக்கும் மூச்சு.

“அது அவனுக்காகத் திறந்து வச்ச கதவுடி” என்றாள் ஹூரியா. அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. “இனிமே அவன் வரமாட்டான். நீயும் சும்மா தள்ளிட்டு வராதே. எல்லாரையும் மாதிரி தட்டு. திறக்கணும்னு தோணினா திறப்பேன்.”

மாக்கரெட்டா தூக்கை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். கடிகாரம் இல்லாத இடது கையை உயர்த்தி, ஐந்து விரலையும் மடக்கி, தட்டினாள். பிறகு அங்கேயே நின்றாள்.